அரிசிச் சாக்கில் கட்டிய கரை

1

நேற்று நாணல் நட்டுவிட்டு வந்தோம். இரண்டு தரம் குளித்தும் நகத்துக்குள் போன சேறு போகவில்லை. அந்த விரல்களோடுதான் இதை எழுதுகிறேன்.

மன்னாரில் நம் பங்குக் கோயில் மலரை நடத்துகிறவர்கள் ‘கனடா வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதுங்கோ’ என்று பல மாதமாகக் கேட்கிறார்கள். குளிரைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு முறை தொடங்கினேன். சில வரிகளுக்கு மேல் ஓடவில்லை. போன வசந்தத்தில் நடந்த ஒன்று குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. அது நடந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, காரியமும் நல்லபடியாக முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தால் எடுப்பதில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன். நம் கடலாலும் எண்ணெய்க் கப்பல்கள் போய்வருகின்றன. உங்களுக்கும் என்றாவது உதவலாம்.

மொன்றியலைச் சுற்றி ஓடுவதை ஆறு என்கிறார்கள். ஆனால் பெருங்கடல் தாண்டி வரும் கப்பல்கள் அதற்குள்ளே வருகின்றன. ஆற்றின் மறுகரையில் லொங்குய்ய் என்ற நகரம். அங்கே ஒரு சிறிய பொறியியல் கந்தோரில் எனக்கு வேலை. எண்ணெயாலோ வெள்ளத்தாலோ கரை பழுதானால், ஆற்றங்கரை ஊர்களுக்கு நட்டஈட்டுக் கோரிக்கை தயாரித்துக் கொடுக்கும் கந்தோர் அது. நான் பொறியியலாளர் அல்ல. ஊரில் புவியியல் படிப்பித்தவள். இங்கே கோப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன். கரையோர வீடுகளுக்குப் போய், அவர்கள் கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறேன். பிரெஞ்சில் நான் கேட்பதைக் கிழவர்கள் பொறுமையாகத் திருத்திவிட்டுப் பதில் சொல்வார்கள்.

கையெழுத்து வாங்குவது என் தொழில். ஆனால் நான் எதிலும் இலகுவில் கையெழுத்து வைப்பதில்லை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாக் கடிதத்துக்கும் என் வீட்டுக்காரர் இவர்தான் வைப்பார். பிள்ளைகள் அதை அம்மாவின் ஒரு விசித்திரம் என்று விட்டுவிட்டார்கள்.

2

ஒரு சரக்குக் கப்பல் தரைதட்டி எரிபொருள் எண்ணெய் கசிந்தது. கப்பலின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். எண்ணெய் ஒரு சின்ன ஊரின் கரையில் ஒதுங்கியது. ஊரின் பெரிய மணற்கரையில் உடனே ஆட்களும் இயந்திரங்களும் இறங்கின. அதற்குக் கொஞ்சம் தள்ளி, மரங்களுக்குப் பின்னால் நாணல் மண்டிய ஒரு சிறு குடா இருக்கிறது. அது யாருடைய கண்ணிலும் உடனே படவில்லை. ஊர்ச்சபையின் பார்வையிடும் குழு அடுத்த வாரம்தான் அங்கே போனது. ‘நாணல் வெட்டப்பட்டுள்ளது. எண்ணெய் இல்லை’ என்று எழுதிவிட்டுப் படமும் எடுத்துக்கொண்டு திரும்பியது.

வெயில் ஏறிய பிறகு அந்தக் குடாவின் சேற்றிலிருந்து வானவில் நிறத்தில் எண்ணெய் மேலே வந்தது. மிஞ்சியிருந்த நாணல் வேரோடு கறுத்தது. அதைத் திருத்தவேண்டும் என்று ஊர்ச்சபை கேட்டது. கப்பலின் காப்புறுதிக்காரர் அறிக்கையை எடுத்து நீட்டினார்கள்: எண்ணெய் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. குடாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு படத்தில், வெட்டிய நாணல் கட்டைகளுக்கு நடுவில், ஒரு பிளாஸ்ரிக் சாக்குத் துண்டு சிக்கியிருந்தது. அதில் பாதி யானை. யானைக்குக் கீழே தமிழில் ‘புழுங்கல்’.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் தமிழ்ப் பங்குக்காரர் மீன் சுட்டுச் சாப்பிடப் போகும் இடம் அந்தக் குடா. எண்ணெய் வந்த அந்தச் சனிக்கிழமை நான் ரொறன்ரோவில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். மகள் டிலானி வர மறுத்து வீட்டில் நின்றாள்.

3

டிலானிக்கு அப்போது பதினேழு. ‘சேஜெப்’ என்று இங்கே பல்கலைக்கழகத்துக்கு முன் ஒரு கல்லூரி உண்டு. அதில் முதல் வருடம். கனவும் கோபமும் அவளுக்குப் பிரெஞ்சில்தான். கோயிலுக்கு வருவதை நிறுத்திப் பல மாதமாகியிருந்தது. தமிழ் ஆட்களோடு சேர்ந்து அவள் விரும்பிச் செய்த ஒன்று, சின்ன வயதில் அந்தக் குடாவில் நீந்தியதுதான்.

அன்று பின்னேரம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நான் ரொறன்ரோவிலை நிக்கேக்கை நீ எங்கை போனனீ?"

"கரைக்கு. சொன்னனான்தானே."

"சொல்லேல்லை."

"அப்பாக்குச் சொன்னனான். சவிரி அங்கிள் வானிலை கூட்டிக்கொண்டு போனவர். நிறையப் பேர் வந்தவை, அம்மா. நான்தான் எல்லாருக்கும் கோல் பண்ணினனான்." அவள் முகத்தில் நான் பல வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம். "எண்ணெய் பட்ட நாணலை வெட்டிச் சாக்கிலை கட்டினனாங்கள். அங்கிள் அதைச் சிரமதானம் எண்டு சொன்னவர். சூப்பர் வேர்ட்!"

"படம் எடுத்தனீங்களோ?"

ஓடிப்போய்க் கமெராவைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாப் படத்திலும் கழுவிய முகங்கள். வாழையிலைக்குப் பதிலாகக் கடதாசித் தட்டில் புட்டும் சம்பலும். பின்னால் துப்பரவான கரை.

"எண்ணெயோடை ஒண்டுமில்லையோ?"

"அழுக்கோடை ஆர் படம் எடுக்கிறது எண்டு அன்ரிமார் விடேல்லை. கழுவிப்போட்டு வாங்கோ எண்டவை."

இவர் உள்ளேயிருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை அவளுக்குச் சொன்னேன். அளந்து, படமெடுத்து, எண்ணெயில் கொஞ்சம் எடுத்துப் போத்தலில் அடைத்த பிறகுதான் கரையைத் தொடவேண்டும். நீங்கள் அதற்கு முன்பே துடைத்துவிட்டீர்கள். இப்போது எண்ணெயே வரவில்லை என்கிறார்கள். குடாவுக்கு ஒன்றும் கிடைக்காது.

அவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"அப்ப அந்தக் குடாவை நான் சாகடிச்சுப்போட்டன்" என்றாள் பிறகு. தமிழில்தான் சொன்னாள்.

4

விடியும்வரை எனக்குள் ஓடியது ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன? சாக்குத் துண்டை வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். ஒரு குடா போகும். என் பிள்ளையின் பெயர் எந்தக் கோப்பிலும் வராது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று இந்த மலரை வாசிக்கும் சிலருக்குத் தெரியும். என் அண்ணன் மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தான். ஒரு நாள் துறையில் படகுகள் எரிக்கப்பட்டதைக் கண்டான். விசாரிக்க வந்தவர்கள் கண்ட சாட்சி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டபோது எழுந்து போனான். கண்டதைச் சொல்லி, முழுப் பெயரையும் அழகாக எழுதிக் கையெழுத்து வைத்தான். அவன் கையெழுத்து மணிமணியாக இருக்கும். பிறகு ஒரு நாள் வேலை முடிந்து சைக்கிளில் வந்தவனை வெள்ளை வான் ஒன்று மறித்தது. சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு அம்மா எங்கள் யாரையும் எதிலும் பெயர் எழுத விட்டதில்லை. என் கல்யாணப் பதிவில் நான் பேனாவைப் பிடித்தபடியே நின்றதைப் பங்குச் சுவாமியார் வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

காலையில் மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போகும்போது டிலானி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கந்தோருக்குப் போனதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மேலதிகாரி கிளோடெத்திடம் போய் யானையைக் காட்டினேன்.

கிளோடெத் அறுபதை நெருங்கியவள். நேராகப் பேசுவாள். "கரையைத் துடைத்தவர்களை உனக்குத் தெரியுமா?"

"என் மகளும் அதில் ஒருத்தி."

"அப்படியென்றால் இந்தக் கோப்பை நீ இனித் தொடக்கூடாது. நம் கந்தோர் ஆளின் பிள்ளை சாட்சி என்றால், நாம் கதை கட்டினோம் என்பார்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெட்டிய நாணலை என்ன செய்தார்கள்?"

அங்கிருந்தே தொலைபேசியில் விசாரித்தேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில், சவிரி அண்ணையின் மருமகன் வீட்டுக் கராஜில், எண்ணெய் நாணல் கட்டிய எல்லாச் சாக்கும் அப்படியே கிடந்தன. குப்பை ஏற்கும் இடத்தில் எண்ணெய்க் குப்பையை எடுக்க மறுத்துவிட்டார்களாம். ‘பேந்து பாப்பம்’ என்று அடுக்கி வைத்தவர் மறந்துவிட்டார். மணம் தாங்காமல் மருமகனின் மனைவி காரை வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

கிளோடெத் கையைத் தட்டினாள். "அந்த எண்ணெயும் கப்பலின் எண்ணெயும் ஒன்றுதானா என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். ஆனால் அதை எங்கே வெட்டினோம் என்று வெட்டியவர்கள் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். பெயர் சொல்ல ஆளில்லாத சாக்கு வெறும் குப்பை."

5

இந்த இடத்தில் உங்களுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். கப்பல் எண்ணெய்க்கு நட்டஈட்டை முதலில் கப்பலின் காப்புறுதிக்காரரிடம் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் இங்கே நாட்டில் அதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. யாரிடம் போனாலும் கேள்விகள் ஒன்றுதான். எண்ணெய் அந்தக் கப்பலுடையதா, இந்தக் கரைக்கு வந்ததா, கரை முன்பு எப்படி இருந்தது, செலவு நியாயமா, செலவழித்தால் கரை மீளுமா. கடைசிக் கேள்விக்கு ‘காசு தாருங்கள்’ என்பது பதில் அல்ல. எந்த நாணலை எங்கே நடுவோம், எத்தனை வருடம் கவனிப்போம் என்ற திட்டம் வேண்டும். சின்ன ஊர்கள் தனித்தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். பக்கத்து ஊர்களோடு சேர்ந்து கேட்பது நல்லது. முதலிலேயே ஒரு தொகையை நீட்டி, இனி ஒன்றும் கேட்கமாட்டோம் என்று எழுதித் தரச் சொன்னால் அவசரப்படக்கூடாது. காலக்கெடுவையும் தவறவிடக்கூடாது. கரைக்கு எண்ணெய் வந்தால் துடைப்பத்தை எடுக்கமுன் கமெராவை எடுங்கள். அழுக்கு முகத்தோடேயே படம் எடுங்கள்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் பங்கு மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு முன் நின்றபோது ஒன்றும் உதவவில்லை. கந்தோர் ஆளாக அல்ல, டிலானியின் தாயாகத்தான் வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொன்னேன். அது ஒருவருக்கும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

"நாங்கள் என்ன களவோ எடுத்தம்?" என்றார் சவிரி அண்ணை. அறுபது வயது, ஊரில் வள்ளம் வைத்திருந்தவர், இங்கே ஒரு பேக்கரியில் மா பிசைகிறார். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

"களவில்லை அண்ணை. கண்டதை எழுதிக் கையெழுத்து வைச்சாப் போதும்."

"சாக்கைக் கேளுங்கோவன்" என்றார் பின்வரிசையில் ஒருவர். "அதிலைதானே பேரும் ஆனையும் போட்டிருக்கு." எல்லோரும் சிரித்தார்கள்.

"கப்பல்காரன் போய் இமிகிரேஷனிலை சொன்னா?" என்றாள் ஒரு பெண். "இவள் ஆத்தங்கரையிலை வெட்டிக் கொத்திக்கொண்டு திரிஞ்சவள் எண்டு?"

"அப்பிடிச் செய்யேலாது, அக்கா. இது வேறை, அது வேறை."

"வேறை வேறை எண்டுதான் அங்கையும் சொன்னவங்கள்."

சிரிப்பு அடங்கிவிட்டது. சவிரி அண்ணை தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கண்டதைச் சொன்ன ஆளின்ரை கதை உமக்குத் தெரியாததே, தங்கச்சி?"

அவர் என் அண்ணனோடு கடலுக்குப் போய்வந்தவர். கதிரைகளை மடித்து வைத்துவிட்டு எல்லோரும் போனார்கள்.

6

"நான் வைக்கிறன்" என்றாள் டிலானி.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுன்பே சொன்னாள். பதினெட்டு ஆகாததால் பெற்றோரில் ஒருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்பதை எப்படியோ அறிந்து வைத்திருந்தாள். "அப்பா வேண்டாம். நீங்கள்தான் வைக்கவேணும்."

"ஏன் நான்?"

"நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் மற்ற ஆக்களிட்டைப் போய் வாங்கிறீங்கள். அவையின்ரை பேர் மட்டும் பேரில்லையா?"

"உனக்கு விளங்காது."

"விளங்கப்படுத்துங்கோ, அப்ப."

மாமாவை அவளுக்குப் படத்தில் மட்டும் தெரியும். விபத்தில் போனார் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அன்று சொன்னேன். சைக்கிள் வந்ததைச் சொன்னேன். இவர் தேநீரைக் கொண்டுவந்து எனக்கு முன் வைத்துவிட்டு நின்றார். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை என் கையைவிடப் பெரிதாகியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மாமா பொய் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"நானும் சொல்லமாட்டன். அம்மா, நான்தான் எல்லாரையும் கூப்பிட்டனான். என்னாலைதான் அந்தக் குடா போகுது. நான் சொல்லாட்டி ஆர் சொல்லுவினம்?"

"உமக்கு மனமில்லாட்டி நான் வைக்கிறன்" என்றார் இவர் என்னைப் பார்த்து. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

வைத்தேன். கோணலாக வந்தது. என் தொழிலில் யாராவது அப்படி வைத்துத் தந்திருந்தால் இன்னொரு தரம் வைக்கச் சொல்லியிருப்பேன்.

7

காப்புறுதிக்காரரின் வழக்கறிஞர் பிள்ளையை நேரில் கேட்கவேண்டும் என்றார். எங்கள் கந்தோர் மண்டபத்திலேயே ஏற்பாடாயிற்று. நான் உள்ளே போகக்கூடாது. நடைபாதையில் கதிரை போட்டிருந்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை.

கண்ணாடிக் கதவால் அவளுடைய முதுகு தெரிந்தது. வழக்கறிஞர் வரைபடத்தை விரித்துக் கேட்பதும் அவள் விரலால் காட்டுவதும் தெரிந்தன. குரல் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் அவளுடைய கமெராப் படங்களை மேசையில் பரப்பினார். புட்டும் சம்பலும். துப்பரவான கரை. அவள் தோள் இறங்கியது. அவர் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரே ஒரு பிள்ளை, கந்தோர்க்காரியின் மகள், எண்ணெய் இல்லாத படம். நான் எதிர்ப்பக்கம் இருந்திருந்தாலும் இந்தச் சாட்சியை நம்பியிருக்கமாட்டேன்.

மின்தூக்கி திறந்தது. சவிரி அண்ணை, பூசைக்குப் போடும் கோட்டுடன். நெற்றி வியர்த்திருந்தது. கையில் அகதி விண்ணப்பதாரருக்குக் கொடுக்கும் மண்ணிறக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் வைத்திருந்தார். அவரிடமிருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

"பிள்ளை எங்கை?"

"உள்ளை. நீங்கள் என்னண்டு அண்ணை...?"

"உம்மடை மனுசன்தான் கோல் எடுத்தவர். உள்ளை தனியவோ இருக்குது?" கண்ணாடியால் எட்டிப் பார்த்தார். "எங்களைக் கூப்பிட்ட பிள்ளை. நாங்கள் வீட்டிலை இருக்க, அது தனியச் சொல்லுறதே?"

"உங்கடை வழக்கு..."

"அது பாப்பம். கீழை வானுக்கை இன்னும் ஆறு பேர் இருக்கினம். மேலை வரப் பயப்பிடினம். நான் முதல் போட்டு வாறன். நான் திரும்பி வந்தா அவையும் வருவினம்."

"வராட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வராட்டி வானை எடுக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். திறப்பு அவையிட்டை."

கிளோடெத்தைக் கூப்பிட்டேன். அவள் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். நடைபாதையில் இருந்த எனக்கு உதவ அனுமதியில்லை. சவிரி அண்ணை கதவைத் திறந்தபோது டிலானி திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து தன் பக்கத்துக் கதிரையை அவருக்காக இழுத்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் வெளியே வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். யன்னலடிக்குப் போய்க் கீழே நின்ற வானைப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார். மின்தூக்கி மறுபடி கீழே போனது. முதலில் வந்தது மண்டபத்தில் இமிகிரேஷன் என்று சொன்ன அக்கா. "எங்கை வைக்கவேணும்? கெதியாச் சொல்லுங்கோ, மனம் மாறமுதல்" என்றாள்.

8

குடா கோரிக்கைக்குள் வந்தது. ஆய்வுகூடம் சாக்கு எண்ணெயும் கப்பல் எண்ணெயும் ஒன்று என்றது. சத்தியக்கடதாசிகள் இடத்தைச் சொல்லின. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. பேசிக் குறைத்துத்தான் தந்தார்கள். சேற்றை மாற்றவும் நாணல் நட்டுச் சில வருடம் கவனிக்கவும் போதும். வெள்ளை வான் யாரையும் தேடி வரவில்லை. சவிரி அண்ணையின் வழக்கு மட்டும் அப்படியே கிடக்கிறது. கையெழுத்தினால் அல்ல, வழக்கமான தாமதம் என்கிறார்கள். நான் நம்பப் பார்க்கிறேன்.

டிலானி வரும் இலையுதிர் காலத்தில் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். சட்டம் படிக்கப் போகிறாளாம். சொன்ன அன்று நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நேற்று குடாவில் எங்கள் பங்குக்காரர் கொஞ்சப் பேரும் ஊர்க்காரர் கொஞ்சப் பேரும் நின்றோம். சேற்றில் இறங்கமுன் எல்லோரும் பெயர் எழுதவேண்டும். வந்தவர்களின் உழைப்பையும் ஊர்ச்சபை கணக்கில் காட்டும். எங்கள் ஆட்கள் இந்தத் தரம் சேறு பூசிய முகத்தோடு படம் எடுத்தார்கள், எடுத்து எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். தாள் சுற்றி வந்தது. சவிரி அண்ணை முழங்காலில் வைத்து மெதுவாக எழுதினார், தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்தும் விடாமல். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"உம்மடையையும் வடிவா எழுதும், தங்கச்சி. கொண்ணன்ரை எழுத்து மாதிரி, மணிமணியா."

எழுதினேன். இந்தத் தரம் கோணவில்லை. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியதும் கண் தானாகத் தெருப் பக்கம் போனது. மரங்களுக்கு அப்பால் ஒரு வான் நின்றது. வெள்ளை. அதன் பின்கதவைத் திறந்து, சேற்றுக் காலோடு, டிலானி நாணல் கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.